முப்பத்தெட்டு பைசா

பதினொரு வருடம்
மற்றவர்களின் கணக்கை முடித்துக் கொடுத்தவள் நான்.
அம்பத்தூர் எஸ்டேட், வால்வு கம்பெனி,
அக்கவுண்ட்ஸ் பூங்கோதை.
வேலையை விட்டாலும் விடவைத்தாலும்
ஃபுல் அண்டு ஃபைனல் தாள்
என் பிரிண்டரிலிருந்துதான் வரும்.
ஷூவுக்கு இவ்வளவு பிடி, ஐடி கார்டுக்கு இவ்வளவு பிடி,
மிச்சத்தை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்.

அடுத்த வாரம் என்பது
எந்த வாரத்தின் பெயரும் இல்லை
என்று எனக்குத் தெரியும்.
எம்.டி. அறைக்குள் போய்
அவர் தலை நிமிராததைப் பார்த்துவிட்டு
கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்து
சிரித்தபடி சொல்லப் பழகியிருந்தேன்.

மார்ச் மாதம், ஒரு வியாழன்,
தயிர்சாத டப்பாவைத் திறக்குமுன் கூப்பிட்டார்கள்.
ஆட்குறைப்பாம்.
டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல். மே.
போனில் புதுப்பெண் சொல்கிறாள்,
"அடுத்த வாரம் மேடம்."
நான் பழக்கிய குரல்.
ஒரு பிசிறில்லை.

ராத்திரி, பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு
கால்குலேட்டரைத் தட்டினேன்.
அடிப்படைச் சம்பளம் இருபத்திரண்டாயிரம்,
பெருக்கல் பதினைந்து, பெருக்கல் பதினொன்று,
வகுத்தல் இருபத்தாறு.
ஏன் இருபத்தாறு என்றான் மகன்.
மாதத்தில் நாலு ஞாயிறு கணக்கில் வராதுடா.
நீதான் ஞாயிறும் போவியே என்றான்.
அதற்கு எந்தக் கட்டமும் இல்லை படிவத்தில்.

ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து
அறுநூற்றுப் பதினைந்து ரூபாய்
முப்பத்தெட்டு பைசா.

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது.
வாங்கிக்கொண்டவர்: டிகாராம், செக்யூரிட்டி.
தினமும் எனக்குக் கேட் திறந்தவன்.
அவன் கையெழுத்தை
இப்போதுதான் முதல் முறை பார்க்கிறேன்.
கோணல் இல்லாத, அழகான எழுத்து.

டிஎம்எஸ் மெட்ரோவில் இறங்கி
வெயிலில் நடந்து
தொழிலாளர் அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்தால்
பக்கத்தில் செல்லப்பெருமாள். லேத் செக்‌ஷன்.
மூன்று வருடம் முன்பு அனுப்பப்பட்டவர்.
எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

"பதினாலு வாட்டி வந்தேன் மேடம் உங்ககிட்ட"
என்றார், மின்சார மீட்டர் படிப்பவர் போல,
கோபமே இல்லாமல்.
பிறகு,
"மூணு காப்பி வேணும். இங்க ஜெராக்ஸ் ரெண்டு ரூபா.
ரோட்டைத் தாண்டினா ஒரு ரூபாதான்."

அவர் பைலைக் கேட்டு வாங்கினேன்.
மஞ்சளேறிய தாள். கீழே என் இனிஷியல்.
பாதுகாப்பு ஷூ, பிடித்தம், எண்ணூற்றைம்பது.
அந்த வருடம் லேத்துக்கு ஷூ வாங்கவே இல்லை.
பில் போடுகிறவள் எனக்குத் தெரியாதா.
அன்றைக்கும் தெரியும்.

தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன்:
இந்தப் பிடித்தம் தவறு. தெரிந்தே போட்டது நான்.
தேதி. முழுக் கையெழுத்து.
அவர் நன்றி சொல்லவில்லை.
படித்தார், மறுபடி படித்தார்,
இன்னும் மூணு காப்பி எடுக்கணும் என்று கிளம்பினார்.

உள்ளே கூப்பிட்டார்கள்.
கம்பெனி வக்கீல் சின்னப் பையன்,
கழுத்துப்பட்டை வியர்வையில் தொய்ந்திருந்தது.
"ரவுண்டா ஒரு லட்சம். இன்னைக்கே முடிச்சுக்கலாம் மேடம்."
கணக்கு ரவுண்டாக வரவில்லை தம்பி என்றேன்.
அவன் காகிதத்தைப் புரட்டினான்.
"கம்பெனி கால்குலேட்டர் ஒண்ணு திருப்பித் தரல.
முந்நூற்று நாற்பது ரூபா."

அது மேஜைமேல்தான் இருந்தது,
என் விரலுக்கடியில்,
எட்டு என்கிற எண் தேய்ந்துபோய்.

அதிகாரி சிரித்தாரோ என்னவோ,
டைரியில் ஜூலை ஒன்பது, பதினொன்றரை மணி
என்று குறித்தார்.
வாரம் இல்லை. தேதி.

கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அங்கேயே கழித்தும் காட்டினேன்.
புள்ளிக்கு வலப்பக்கம்
முப்பத்தெட்டு
அப்படியேதான் இருந்தது.